பச்சை விளக்கு டப்பா

எங்கள் சோதனைக்கூடத்து சீனியர் ஒருவருக்குப் பட்டப்பெயர் ‘சந்தேகம்’. பெட்ரோலை மிச்சப்படுத்தும் காந்தம், ஃபிரிட்ஜின் முதுகில் ஒட்டினால் கரண்ட் குறையும் என்ற ஸ்டிக்கர் என்று யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் அவர் மேஜைக்குத்தான் போகும். மாட்டாமல் ஒரு தடவை அளப்பார், மாட்டி ஒரு தடவை அளப்பார். பிறகு உள்ளே இருப்பதை யாருக்கும் சொல்லாமல் கழற்றிவிட்டு, வெறும் கூட்டை மாட்டி இன்னொரு தடவை. மூன்றும் ஒன்றாக வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கொண்டுவந்த ஆசாமி அப்போதே மூட்டை கட்ட ஆரம்பித்துவிடலாம்.

அப்படிப்பட்ட மனிதர், மைத்துனன் பேச்சை எடுத்தால் மட்டும் சின்னப் பிள்ளையாகிவிடுவார். மனைவியின் தம்பி. மீன் வளர்த்தான், அத்தனையும் செத்தது. டியூஷன் சென்டர் வைத்தான், பெஞ்சுகள்தான் மிச்சம். ஆனால் அக்காவுக்கு அவன் என்றால் உயிர். அவன் குரல் வாசலில் கேட்டாலே அடுப்பில் ஏதாவது ஏறிவிடுமாம். “நான் வந்தா டிவி சத்தத்தைக்கூட குறைக்க மாட்டா” என்று சொல்லும்போது இவருக்குக் காதெல்லாம் சிவந்துவிடும். சுத்தமான வயிற்றெரிச்சல். அதை அவர் மறைத்ததும் இல்லை.

அந்த மைத்துனன் கரண்ட் மிச்சம் பிடிக்கும் டப்பா விற்கக் கிளம்பினான். ப்ளக்கில் செருகினால் பச்சை விளக்கு எரியும், பில் பாதியாகும் என்று அவனும் மனசார நம்பினான். முதல் டப்பா அக்கா வீட்டுக்கு. இவர் அதை லேபுக்குக் கொண்டுவந்து பிரித்தார். உள்ளே ஒரு கெப்பாசிட்டர், ஒரு குட்டி விளக்கு. எத்தனை விதமாக அளந்தும் யூனிட் இம்மியும் குறையவில்லை. வீட்டில் போய்ச் சொன்னார்.

“லேப் வேற, வீடு வேற மாமா. மாட்டித்தான் பாருங்களேன்” என்றான் அவன்.

மாட்டினார்கள். அந்த மாதம் யூனிட் குறைந்தது. அடுத்த மாதம் இன்னும் குறைந்தது. “சோதனை பண்றவர் வீட்டுலயே குறைஞ்சிருக்கு!” என்று மைத்துனன் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தான். இவருக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் யாரும் இல்லாத சமயம் பார்த்து டப்பாவைத் திறந்து, கெப்பாசிட்டரைப் பிடுங்கிவிட்டு, பச்சை விளக்கை மட்டும் விட்டுவைத்தார். லேபில் செய்கிற அதே வேலைதான்.

அதற்கப்புறமும் யூனிட் ஏறவில்லை. “வெறும் விளக்கு எப்படிப்பா மிச்சம் பிடிக்கும்?” என்று என் மேஜைக்கு வந்து நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒரு மத்தியானம் தலைவலி என்று சீக்கிரமே வீட்டுக்குப் போனார். உள்ளே ஒரு ஃபேன்கூட ஓடவில்லை. ஃபிரிட்ஜின் ப்ளக் பிடுங்கிக் கிடந்தது. மனைவி பின்வாசலில் உட்கார்ந்து பழைய பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். முதுகெல்லாம் தெப்பலாக வேர்வை.

இவருக்குப் புரிந்துவிட்டது. “அந்த டப்பாவுல ஒண்ணும் இல்ல, தெரியுமா? எல்லாத்தையும் நானே கழட்டிட்டேன்.”

“முன்னாடி மட்டும் என்ன இருந்துச்சாம்? அது டுபாக்கூர்னு நீங்க சொன்ன அன்னிக்கே எனக்குத் தெரியும். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“அப்புறம் ஏன் இப்படி வெந்து சாகறே?”

“அவன் எதைத் தொட்டாலும் நாலு பேர் சிரிக்கிறாங்க. இது ஒண்ணாவது நிக்கட்டுமேன்னுதான்.”

“ஆளில்லாத ரூம்ல ஃபேனை அணைன்னு கல்யாணம் ஆனதுலேர்ந்து தலைகீழா நிக்கறேன். ஒருநாள் அணைச்சிருக்கியா?”

“உங்களுக்கென்ன, நீங்க எப்பவும் ஜெயிக்கிற ஆளு. உங்களுக்கு நான் எதுக்கு?” என்ற அந்தம்மா, விசிறிக்கொண்டே சொன்னாராம்: “ஞாயித்துக்கிழமை அவன் ஆளுங்களக் கூட்டிட்டு வர்றான். அன்னிக்கு மட்டும் வாயைத் திறக்காதீங்க.”

மறுநாள் இதையெல்லாம் என்னிடம் வந்து சொன்னார். “நான் சொன்ன நிஜத்துக்கு ஒரு ஸ்விட்சைத் தட்டல. அவன் சொல்றது பொய்யின்னு தெரிஞ்சே அவனுக்காக வேர்த்துக் கொட்டுறா. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் போட்டு உடைக்கத்தான் போறேன்.”

“டப்பா பொய்யின்னு மட்டும் சொல்லி விட்டுடுங்க சார். வீட்டம்மாவை இதுல இழுக்காதீங்க” என்றேன். காதில் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாட்சிக்கு என்னையும் வரச் சொன்னார்.

மைத்துனன் கூட்டி வந்தவர்கள் ஒரு பெரிய குடியிருப்பின் பொறுப்பாளர்கள். எல்லா வீட்டுக்கும் டப்பா வாங்குவதாகப் பேச்சு. அவன் முகம் பூரிக்கப் பேசினான். அக்கா சமையலறை வாசலில் நின்று கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். “எங்கக்கா வீட்டு மீட்டரே சாட்சி” என்று அவன் சொன்னதுதான் தாமதம், டப்பாவைப் பிடுங்கி மூடியைத் திறந்து நீட்டிவிட்டார்.

“பாருங்க, வெறும் கூடு. இத்தனை நாளா இதுதான் இங்க மாட்டியிருக்கு. யூனிட் எப்படிக் குறைஞ்சுதுன்னு இதோ, இவளைக் கேளுங்க.”

யாரும் கேட்கவில்லை. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். மைத்துனன் சுவரோடு சுவராக நின்றான். அவனுக்கு எதுவும் புரியவில்லை, தான் மறுபடியும் தோற்றுவிட்டோம் என்பதைத் தவிர.

இவர் டப்பாவும் கையுமாக மனைவியைப் பார்த்தார். அந்தம்மா இவரைத் தாண்டிப் போய், தம்பியின் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு எட்டி, அவன் தலைக்கு மேலிருந்த ஃபேனை முழு வேகத்தில் போட்டார்.