தோல் தொப்பியும் என் வாயும்

கிராப்பு அமுங்கிப் போகக் கூடாது என்பதற்காக மண்டையைக் கொடுத்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் என் தங்கையின் புருஷன். மாப்பிள்ளை என்பதால் மரியாதையாகவே எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் படையெடுத்து இந்த நாட்டைப் பிடிப்பதற்கு முந்திய காலம். நான் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் கோட்டர்ஸில் குடும்பத்தோடு இருந்தேன். மாப்பிள்ளைக்குக் கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி உத்தியோகம். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் தம் பழைய மோட்டார் சைக்கிளை அவருக்குக் கொடுத்தார். கூடவே ஒரு தோல் தொப்பியும் கொடுத்து, இது இல்லாமல் வண்டியில் ஏறாதே என்று சொல்லிவிட்டுப் போனார். காது இரண்டையும் மூடி, தாடைக்குக் கீழே வார் போட்டுக் கட்டுவது. மெத்தை நைந்து போயிருந்ததால் என் தங்கை அதைப் பிரித்துப் புதுப் பஞ்சு வைத்துத் தைத்தாள்.

தைத்து என்ன செய்ய? மாப்பிள்ளை ஒரு நாளும் அதைப் போடவில்லை. தலைக்கு வாசனைத் தைலம் தடவி, வகிடு எடுத்து, கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நிற்பார். காற்று கலைத்தால் அழகாம். தொப்பி அமுக்கினால் அசிங்கமாம். கிள்ளான் சாலையில் போகிற மாட்டு வண்டிக்காரன் வரைக்கும் அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். வண்டிக்கு மட்டும் குறை வைக்கவில்லை. சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம், விளக்குக்குச் சந்தனப் பொட்டு, கைப்பிடியில் பூச்சரம். இரும்புக்கு அவ்வளவு காப்பு. மண்டைக்குத் தைலம்.

எங்கள் தாய் தகப்பன் இல்லாததால் தங்கை தலைப்பிரசவத்துக்கு, அந்தத் தொப்பியையும் எடுத்துக்கொண்டு, என் வீட்டுக்கு வந்திருந்தாள். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து பார்த்துவிட்டுப் போவார். அவளும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போவாள். அவர் சிரித்துவிட்டு வண்டியை உதைப்பார்.

ஒரு ஞாயிறு பூஜை முடித்து, கிளம்பிக்கொண்டிருந்த அவர் நெற்றியில் நானே விபூதி பூசினேன். மழை விட்டு வாசலெல்லாம் சேறு. தங்கை நிறைமாத வயிற்றோடு படியிறங்கித் தொப்பியை நீட்டினாள்.

"இன்னைக்கு மட்டும் போட்டுக்கிட்டுப் போங்க. ரோட்டெல்லாம் வழுக்குது."

"முருகன் இருக்கான். தொப்பி எதுக்கு?" என்றார் மாப்பிள்ளை.

அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தினமும் குளித்துப் பூஜை செய்கிறவன் என்ற திமிர் எனக்கு. "விபூதி வச்ச தலையில மாட்டுத் தோலக் கவுக்கச் சொல்றியே, உனக்கு ஆச்சாரம் தெரியுமா?" என்று தங்கையைக் கேட்டேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கோயில்ல அடிக்கிற தவிலுக்கு என்ன அண்ணே, வாழைப்பட்டையா கட்டியிருக்கு?"

 பொம்பளைக்கு எதிர்ப் பேச்சு எதற்கு என்று அதட்டினேன்.

மாப்பிள்ளைக்குக் கொண்டாட்டம். "கேட்டியா? உங்க அண்ணனே சொல்லிட்டாரு. வரேன் மச்சான்." தலையை ஒரு தடவை கோதிவிட்டுக்கொண்டு போனார். தங்கை தொப்பியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள்.

பொழுது சாய்வதற்குள் ஒரு லோரிக்காரர் வந்து செய்தி சொன்னார். பத்து தீகா என்கிற ஊரைத் தாண்டி, எதிரே வந்த மாட்டு வண்டிக்கு ஒதுங்கும்போது செம்மண்ணில் சக்கரம் வழுக்கியிருக்கிறது. கை கால் முறியவில்லை. தலை மட்டும் மதகுக் கல்லில் மோதியிருக்கிறது. பூச்சரம்கூட அறுந்து போகவில்லை என்று அந்த மனிதர் அதிசயமாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை கண் விழிப்பதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பார்க்க வந்த உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கண் பட்டுவிட்டது என்றார் ஒருவர். எலுமிச்சம்பழம் சரியாக நசுங்காமல் உருண்டு ஓடியிருக்கும் என்றாள் ஒரு அத்தை. விதி என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அவரே தொப்பியைப் போடவில்லை, நானும் போடவிடவில்லை என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. என் வாயிலும்தான்.

உயிர் தங்கியது. நடந்தார், சாப்பிட்டார். ஆனால் பாசாருக்குக் காய்கறி வாங்க அனுப்பினால் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் அங்கேயே நிற்பார். கிராணி வேலை போயிற்று. மூன்று பேரும் என் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். தினமும் காலையில் குழந்தையைப் பார்த்து, "யாரு வீட்டுப் புள்ள இது?" என்று மரியாதையாகக் கேட்பார். "நம்ம புள்ளதாங்க" என்பாள் தங்கை. குரலில் சலிப்பு இருக்காது.

என்னை அவள் ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் விதி என்று பேசித் தப்பித்திருப்பேன். வெள்ளிக்கிழமை கோயிலில் தவில் அடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, பட்டறையில் என்னோடு வேலை செய்த ஒருவன் மோட்டார் சைக்கிள் வாங்கி, என் கையால் விபூதி வாங்க வந்தான். அவன் தலையிலும் அதே தைலம், அதே வகிடு. பூசிவிட்டேன். தங்கை உள்ளே போய் அந்தத் தொப்பியை எடுத்து வந்தாள். அவனிடம் நீட்டவில்லை. என்னிடம் நீட்டினாள்.

"தோலாச்சே அண்ணே, சாமி கும்பிட்டுட்டுப் போட்டுக்கலாமா?" என்றான் அவன் இளித்துக்கொண்டு.

"வாய மூடிக்கிட்டுக் குனிடா" என்றேன். விபூதி நெற்றியோடு தொப்பியைக் கவிழ்த்து, வாரை நானே இழுத்துக் கட்டினேன்.