ஆக்சிலியா வீட்டு வாசலில் கிடந்த கால்மிதி

ராஜமேரி அத்தை வீட்டிலிருந்து எந்தத் துணியும் குப்பைக்குப் போகாது. அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். காலையில் தக்காளி பறிக்கும் கூலி வேலைக்குப் போவார். சாயங்காலம் வந்ததும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். கிழிந்த ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, அடியில் தைத்து, மேலே நாடா கோத்தால் அது ராகி போட்டு வைக்கும் பை. நைந்த பனியன்களைக் கீறி முறுக்கினால் ஆட்டுக்குக் கயிறு. மார்கழிக் குளிரில் அவருடைய ஆட்டுக்குட்டி, மொபைல் கடை விளம்பரம் போட்ட டீ-சர்ட்டை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கும். முதல் தடவை அதைப் பார்த்த ஒகேனக்கல் பஸ் டிரைவர் வண்டியையே நிறுத்திவிட்டார்.

ஆனால் அவர் பேர் வாங்கியது கால்மிதியில்தான். உள்ளே சாக்கு வைத்து, மேலே பழைய சேலையை மடித்துப் போட்டு, நெருக்க நெருக்கமாகத் தையல் ஓட்டுவார். துணி கொடுத்த வீட்டுக்கு அதிலிருந்தே ஒரு கால்மிதி திரும்பி வரும். எங்கள் தெருவில் எந்த வாசலில் பார்த்தாலும் அவர் தைத்ததுதான் கிடக்கும்.

அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அந்த ஆனி மாதத்துச் சாயங்காலம்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது.

எங்கள் ஊரில் பாதிக்கு மேல் கத்தோலிக்கர்கள். மாதா கோயில் பீரோவில் ஒரு சேலை இருந்தது. ரொம்ப வருஷத்துக்கு முன்னால் ஒரு தேர்த்திருவிழாவில் மாதா சொரூபத்துக்குச் சாத்திய சேலை அது. ஊரில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் அதைக் கொண்டுவந்து வயிற்றின் மேல் வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். வெள்ளைத் துணியில் சுற்றியபடியே வரும், சுற்றியபடியே திரும்பிப் போகும். யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அது எப்படி இருக்கும் என்பது அதில் ஜரிகை வேலை செய்து கொடுத்த ஆக்சிலியா பெரியம்மாவுக்கு மட்டும்தான் நினைவிருந்தது. பீரோ சாவியும் அவரிடம்தான் இருந்தது.

பெரியம்மாவின் மகள் ஜெனிஷா அக்கா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தார். அன்றைக்கு வலி கண்டதும் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு, பெரியம்மா சேலையை எடுக்கக் கோயிலுக்கு ஓடினார். நாங்கள் சிலர் அவர் வீட்டு முன்னால் நின்றிருந்தோம். ராஜமேரி அத்தைதான் வெந்நீர் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா வெறுங்கையோடு திரும்பி வந்தார். "பீரோல காணோம்! மேல் தட்டு, கீழ் தட்டு, எங்கயும் காணோம்!" என்று புலம்பிக்கொண்டே வாசலில் செருப்பைக் கழற்றினார். பழக்கத்தில் கால்மிதியில் காலைத் துடைத்தார். அன்றைக்குத்தான் அதைக் குனிந்து பார்த்தார். அப்புறம் ஒரு கத்து கத்தினார் பாருங்கள், மாட்டுக்கொட்டகையில் மாடே எழுந்துவிட்டது.

நீலப் பட்டு. ஓரம் முழுக்க வெள்ளி ஜரிகை. நடுவில் ஒரு பெரிய வெள்ளி நட்சத்திரம். அதன் மேல் சேறு.

"ஏ ராஜமேரி! இந்தத் துணி உனக்கு எங்கடி கெடச்சுது?"

"நீங்க குடுத்த சாக்குலதாங்க்கா இருந்துச்சி. மாசியில, தவக்காலத்துக்கு முன்னாடி, எலி கடிச்ச கோயில் துணின்னு ஒரு மூட்டை குடுத்தீங்களே."

பெரியம்மாவுக்கு எலி என்றால் பயம். பீரோவுக்குள் எலி புகுந்தது தெரிந்ததும், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கடித்துக் கிடந்ததை எல்லாம் துடைப்பத்தாலேயே சாக்குக்குள் தள்ளிக் கட்டிக் கொடுத்திருக்கிறார். மேல் தட்டிலிருந்த சேலை, சுற்றியிருந்த வெள்ளைத் துணியை எலி கிழித்ததில் கீழே விழுந்து அதோடு கிடந்ததை அவர் பார்க்கவே இல்லை. அதற்கப்புறம் அன்றைக்கு வரைக்கும் ஊரில் யாருக்கும் பிரசவமும் இல்லை.

"பாதிதாங்க்கா மிஞ்சி இருந்துச்சி. கோயில் திரைச்சீலைன்னு நெனச்சேன். துணி குடுத்தவங்களுக்கு நல்லதாக் குடுக்கணும்னுதான் உங்களுக்கே தெச்சேன். அந்த நட்சத்திரம் அழகா இருந்துச்சேன்னு நடுவுல வர்ற மாதிரி வெட்டினேன்."

"நடுவுல வெச்சியா? இத்தன மாசமா அது மேல சாணிக்காலோட ஏறி எறங்கிட்டு இருக்கோம்டி! அது மாதா சேலை!"

அத்தை சிலுவை போட்டுக்கொள்ளக் கையைத் தூக்கினார். கை நெற்றி வரைக்கும் போகவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"என் பொண்ணுக்கோ புள்ளைக்கோ ஏதாவது ஆச்சுன்னா அது உன்னாலதான். கேட்டுக்க!"

அதைக் கேட்டதும் அத்தை எழுந்து ஓடிப்போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தார். "பிரிச்சுடறேங்க்கா, அலசிக் குடுத்துடறேன்" என்று தையலைக் கத்தரித்தார். அவர் போட்ட தையல் அவருக்கே பிரியவில்லை. விரல்தான் வெட்டுப்பட்டது. அதற்குள் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

ஜெனிஷா அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "அம்மா, சண்டையை அப்புறம் வெச்சுக்க. அந்தக் கால்மிதிய எடு."

"எதுக்குடி?"

"வயித்து மேல வெக்கத்தான், வேற எதுக்கு?"

"சாணிடி அதுல!"

"மாட்டுக் கொட்டாயில புள்ள பெத்தவங்கம்மா அவங்க. அவங்களுக்கு சாணி தெரியாதா? குடும்மா, உயிர் போவுது!"

அந்தக் கால்மிதியை ஒரு உதறு உதறி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டுதான் அக்கா ஆம்புலன்ஸில் படுத்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், "என்னங்க இது, கால்மிதியைப் போய் வயித்து மேல வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம். "மாதாவோட சேலைங்க" என்று பெரியம்மா சொல்ல, "மாதாவுக்கு இதத்தான் கட்டறீங்களா?" என்றாராம்.

அத்தை ஆம்புலன்ஸில் ஏறவில்லை, வீட்டுக்குள்ளும் போகவில்லை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். பெண் குழந்தை, இரண்டு உயிரும் நலம் என்று போன் வந்தபோது நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நெசமாவா?" என்று மூன்று தடவை கேட்டார். அப்புறம்தான் அழுதார்.

அதற்குப் பிறகு மெஷின் மேல் போர்வை போட்டு மூடிவிட்டார். யாரும் துணியும் கொடுக்கவில்லை. ஊரில் எல்லோரும் தங்கள் வாசல் கால்மிதியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். சிலர் தாண்டியே நடந்தார்கள். அத்தையின் ஆட்டுக்குட்டியின் டீ-சர்ட்டைக்கூட ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆக்சிலியா பெரியம்மா ஒரு பையோடு அத்தை வீட்டுக்கு வந்தார். கால்மிதியை அலசிக் காயவைத்து, புது வெள்ளைத் துணியில் சுற்றிக் கோயில் பீரோவிலேயே வைத்துவிட்டாராம். அடுத்து வலி காண்கிறவர்களுக்கு அதுதானாம்.

"பேத்திக்குப் படுக்கை விரிப்பு வேணும். உன்ன மாதிரி யாருக்குத் தெக்கத் தெரியும்? இந்தா, பழைய சேலை."

அத்தை பையைத் தொடவில்லை. "இது யாரு கட்டினது?"

"நான் கட்டினதுதாண்டி."

"நெசமா? கண்ணைத் தொறந்துட்டுத்தான் எடுத்தீங்களா?"

"மாதா மேல சத்தியமா!" என்றார் பெரியம்மா. சொன்னதும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

அத்தை மெஷின் மேலிருந்த போர்வையை எடுத்தார். ஆனாலும் அந்தச் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் முழுசாக விரித்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்த பிறகுதான் என்னிடம் கத்தரிக்கோலைக் கேட்டார்.