பின்வளவில் ஒரு பால்மா டின்

மெட்டல் டிடெக்டரைத் தோளில் போட்டுக்கொண்டு நான் வெளிக்கிட்டால், "இரும்பு பொறுக்கிற ஐயா புறப்பட்டிட்டார்" என்பாள் என் மனைவி. பிழை சொல்ல முடியாது. மெல்பேர்னைச் சுற்றியுள்ள கடற்கரைகளிலும் பழைய பண்ணை நிலங்களிலும் நான் தோண்டியெடுத்ததில் முக்கால்வாசி சோடா டின்னின் வளையங்கள். மிச்சம் சில செப்புப் பென்னிகள், ஒரு பித்தளைப் பொத்தான், ஒரு குதிரை லாடம். பென்னியைக் கழுவும்போது ராஜாவின் தலை தெளிந்து வந்தால் எனக்கு வருகிற புளுகம், அந்தச் சந்தோசம், யாருக்கு விளங்கப்போகிறது! வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவேன். "இதுக்கே அங்கிள் வெயிலில காயிறியள்?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிப்பார்கள்.

அதனால்தான் ட்ருகனினா என்ற புறநகரிலிருந்து அழைப்பு வந்ததும் துள்ளிக்கொண்டு போனேன். கோயிலில் முகம் தெரிந்த குடும்பம். மருமகளின் தாலிக்கொடி தொலைந்துவிட்டதாம். மாமியார் ஒழுங்காகச் சாப்பிடாமல் அழுகிறாராம். ஒருவழியாக என் மெசினையும் ஒருவர் தேடிவிட்டார்.

வாசலிலேயே கணவன் தொடங்கிவிட்டான். "அதுக்கு ஒரு சாமான் பத்திரமா வச்சிருக்கத் தெரியாது அங்கிள். விசர்." அந்த 'அது' பக்கத்தில்தான் நின்றாள், இடுப்பில் குழந்தையோடு. "பார்க்கிலதான் விழுந்திருக்கும் அங்கிள். அங்க போய்ப் பாப்பம்" என்றாள். "முதல்ல வீடு, பிறகு பார்க்" என்றேன் நான், பெரிய நிபுணன் போல.

பின்வளவு சின்னது. புது வீடு என்பதால் மண் முழுக்க ஆணியும் கம்பித் துண்டும். மதிலோரத்தில், கறிவேப்பிலைச் சாடிக்குப் பின்னால், ஹெட்போனில் பலமான சத்தம் கேட்டது. தங்கத்தின் சத்தமல்ல, இரும்பின் கரகரப்பு. ஆனாலும் குந்தியிருந்து தோண்டினேன். ஒரு சாண் ஆழத்தில் தகர மூடி தட்டுப்பட்டது. விரலால் தடவினேன். சுற்றிவர டேப் ஒட்டியிருந்தது.

எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. தொலைந்த சாமான் மண்ணுக்குள் சரிந்து, குப்புற, எப்படியோ கிடக்கும். இது நேராக நின்றது. ஊரைவிட்டு ஓடிய நாளில் நாங்களும் நகைகளை இப்படித்தான் பால்மா டின்னில் போட்டு, டேப் சுற்றிப் புதைத்தோம். புதைத்தவனுக்குத் தெரியாதா?

அவள் தேத்தண்ணிக் கோப்பையோடு என் பக்கத்தில் குனிந்தாள். "அங்கிள், மூடி விடுங்கோ" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஹெட்போனைக் கழுத்தில் இறக்கியிருந்தேன், வடிவாகக் கேட்டது. கணவனும் மாமியாரும் கதவடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இரும்பு" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அது பொய்கூட இல்லை, மெசினும் அப்படித்தான் சொன்னது.

"கிடைச்சிட்டுது!" என்று கத்தினேன்.

சீ, என்ன மனிதன் நான்! இத்தனை வருடமும் வளையம் பொறுக்கியவனுக்கு ஒரு கைதட்டல் தேவைப்பட்டது. அவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

"முருகா!" என்று மாமியார் ஓடி வந்தார். டின்னைத் திறந்தார்கள். கொடி இருந்தது. கூடவே அவளுடைய இரண்டு சோடி காப்பு, குழந்தையின் சங்கிலி, எல்லாம் ஒரு சாக்ஸுக்குள். மாமியாரின் அழுகை நின்றுவிட்டது. கணவன் டின்னையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். மாமியார்தான், "இனி என்ர அலுமாரிக்குள்ள இருக்கட்டும். உன்ர கையில இருந்தால் திரும்பவும் துலைஞ்சிடும்" என்று சொல்லி டின்னைச் சேலையால் மூடிக்கொண்டு உள்ளே போனார்.

அப்போதாவது வெளிக்கிட்டிருக்கலாம். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று கணவன் கையைப் பிடித்தான். உட்கார்ந்தேன். அவள்தான் பரிமாறினாள். "இன்னும் கொஞ்சம் புட்டு வைக்கட்டா அங்கிள்?" ஓம் என்று தலையாட்டி, வைத்ததையும் சாப்பிட்டேன்.

காரில் ஏறியபோது, நான் மறந்துவிட்ட மண் தோண்டுகிற கரண்டியைக் கொண்டு ஓடி வந்தாள். மண்ணைக் கழுவித் துடைத்திருந்தாள். ஜன்னலால் நீட்டியபடி, வீட்டுப் பக்கம் திரும்பாமல் சொன்னாள்:

"பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இங்கயிருந்து போறதுக்கு அது மட்டும்தான் அங்கிள் இருந்தது."

அழவில்லை. ஏசவும் இல்லை. கதவடியில் கணவன் வந்து நின்று எனக்குக் கையசைத்தான்.

"போயிட்டு வாறன் பிள்ளை" என்றேன். அவனுக்கும் கையைக் காட்டிவிட்டு, காரை எடுத்தேன்.