ஈரலுக்குக் கட்டிய காப்பு

நான் குடிகாரன் இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருந்தது. வைகாசியில் எங்கள் அம்மன் கோயில் பொங்கலுக்கு நேர்த்தி வைத்து, மணிக்கட்டில் மஞ்சள் நூலால் காப்புக் கட்டிவிட்டால், பத்து நாளைக்கு ஒரு சொட்டும் தொடமாட்டேன். மீன், இறைச்சி என்று மச்சமும் இல்லை. இருபது வருடத்தில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. பதினோராம் நாள் பூசாரி காப்பை அவிழ்ப்பார். அன்று பின்னேரமே நானும் பக்கத்து வயல் கூட்டாளியும் வாய்க்கால் கரையில், பொரித்த பன்றி இறைச்சியோடு, பத்து நாளும் குடிக்காததைச் சேர்த்துக் குடிப்போம்.

மற்ற நாட்களில் உழவு, விதைப்பு, அரிவு வெட்டு என்று எல்லாமே உடம்பு அலுக்கும் வேலைகள். அலுப்புக்குச் சாராயம். வேலை இல்லாத நாளில் சும்மா இருந்த அலுப்பு. சோடா கலந்து, கொத்துரொட்டியும் வைத்துக்கொண்டால் அதுவே இராச்சாப்பாடும் ஆகிவிடும்.

என் கண் மஞ்சளானதை மனைவிதான் முதலில் கண்டாள். கால் வீங்கியதை நான் புதுச் செருப்பின் குற்றம் என்று இருந்தேன். கூட்டாளிக்கும் அதே செருப்புக் குற்றம் இருந்தபடியால் இருவரும் புதுக்குடியிருப்பில் ஒரே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டொக்டர் என் மகள் வயதுப் பெண். எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார். உள்ளதில் பாதியைச் சொன்னேன். என் கண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு, அதை இரண்டால் பெருக்கி எழுதினார்.

"வெள்ளிக்கிழமையில தொடமாட்டன், டொக்டர்" என்றேன், என் பக்க நியாயமாக.

"ஈரலுக்குக் கிழமை தெரியாது, ஐயா."

ஸ்கானில் என் ஈரலில் கொழுப்புப் படிந்து, தழும்பும் விழத் தொடங்கியிருந்தது. இன்றோடு நிறுத்தினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், நிறுத்தாவிட்டால் காப்பாற்ற மிச்சம் இருக்காது என்றார். பொரியலும் சோடாவும்கூட அந்த வேலையைத்தான் செய்கின்றனவாம். கூட்டாளிக்கும் இதையே சொன்னார்.

டொக்டருக்குக் கொடுத்த வாக்கு ஒன்பது நாள் நின்றது. பத்தாம் நாள் அரிவு வெட்டு. நான் வாசனையோடு வீட்டுக்கு வந்தபோது மனைவி சண்டை பிடிக்கவில்லை. அது எனக்குப் பயத்தைத் தந்தது. கலியாணம் கட்டிய நாள் முதல் சண்டை பிடித்தவள் திடீரென்று நிறுத்தினால், மனதுக்குள் என்னை எரித்து முடித்துவிட்டாள் என்றுதான் அர்த்தம்.

வைகாசி வந்தது. காப்புக் கட்டினேன். பத்து நாளும் சுத்தம். பதினோராம் நாள் அவிழ்ப்பதற்கு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற கூட்டாளி அவிழ்த்துக்கொண்டு, திரும்பி எனக்கு வாய்க்கால் பக்கம் கண்ணைக் காட்டினான். நான் கையை நீட்டும்போது மனைவி குறுக்கே வந்தாள்.

"இவருக்கு அவிழ்க்க வேண்டாம், ஐயா."

"பொங்கல் முடிஞ்சுதே, பிள்ளை" என்றார் பூசாரி.

"அம்மனுக்கு முடிஞ்சுது. எனக்கு முடியேல்லை. இந்த மனிசன் டொக்டற்ர சொல்லுக் கேளாது. இந்த நூல் சொன்னாத்தான் கேக்கும்."

வரிசை முழுதும் சிரித்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் அவள் சொன்னதில் பொய் எதுவும் இருக்கவில்லை. கையை மடக்கிக்கொண்டேன்.

பூசாரி விரலை மடக்கி எண்ணினார். "காப்போட மச்சம் தின்னேலாது. செத்த வீட்டுக்குப் போகேலாது. பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டார்" என்றாள் மனைவி.

அன்றுமுதல் ஊரில் எனக்குப் பெயர் காப்புக்காரன். கூட்டாளி வாய்க்கால் கரையில் இருந்துகொண்டு கூப்பிடுவான்: "மச்சான், அம்மன் உன்னை இன்னும் விடேல்லையோ?" நான் கேட்காததுபோல் வரம்பில் நடப்பேன். மரக்கறி தின்று தின்று வாய் செத்துப்போனது. கண் தெளிந்தது. செருப்பு மறுபடியும் காலுக்கு அளவானது.

ஆவணியில் கூட்டாளி செத்துப்போனான். காலையில் இரத்தமாக வாந்தி எடுத்தவன், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

காப்போடு செத்த வீட்டுக்குப் போக முடியாது. அவனைத் தூக்காமல் இருக்கவும் என்னால் முடியாது. பூசாரியிடம் போய்க் கையை நீட்டினேன். மனைவியும் கூட வந்தாள். நூல் கழன்றபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

பாடைக்குத் தோள் கொடுத்தேன். சுடலையிலிருந்து வந்து குளத்தில் முழுகிய பிறகு, வழக்கம்போல், தூக்கியவர்களின் அலுப்புக்குப் போத்தல் உடைத்தார்கள். ஈரல் கெட்டுச் செத்தவனைத் தூக்கிய அலுப்புக்கும் சாராயம்தான். அது எங்களில் ஒருவருக்கும் விசித்திரமாகப் படவில்லை. கிளாஸ் என்னிடம் வந்தது.

"வேண்டாம்."

"காப்புத்தான் கழண்டிட்டுதே. பிறகென்ன?" என்றான் கிளாஸை நீட்டியவன்.

மணிக்கட்டைப் பார்த்தேன். நூல் கிடந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. அம்மனைச் சாட்ட முடியாது. டொக்டரைச் சொன்னால் சிரிப்பார்கள். "எனக்கு வேண்டாமெடா" என்று மறுபடியும் சொன்னேன். சொல்லும்போது கூட்டாளியை நினைத்து அழுகை வந்துவிட்டது. அழுதபடியே எழும்பி நடந்தேன்.

பொழுது சாய்கிற நேரம், மனைவி வீட்டு வாசல் படலையில் நின்றுகொண்டிருந்தாள். என் தோளில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று பொய் சொல்லிக்கொண்டு கிட்ட வந்தாள். அவளுடைய மூக்கை எனக்குத் தெரியும். வீதியில் பொலிஸ் மறித்தால் ஊதுவதுபோல், வாயைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே ஊதினேன்.

"இன்னொருக்கா ஊதுங்கோ" என்றாள்.

ஊதினேன். அவள் படலையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.