கீழ்க்கணக்கு நன்றாகத் தூங்கியது

பட்டப்படிப்பின் கடைசி வருடம், உளவியல் ஆய்வுக்கு நான் எடுத்தது தூக்கம். படுக்குமுன் செய்யும் மூச்சுப் பயிற்சி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் நன்றாகத் தூங்குவார்களா? எனக்கு அது தெரிந்தே ஆகவேண்டும்.

முறைப்படி சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரைப் பிரிக்கப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே பிடித்துக்கொண்டார். "ஒரே லயத்துல அவளுக்குச் சொல்லித் தருவ, எனக்கு மாட்டியா? நல்ல நியாயம்டி."

அவர் சொன்னதும் சரிதான். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள்தானே லயம்; அதில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும், ரகசியம் எங்கே தங்கும்? ஆகவே குலுக்கலை விட்டு, தோட்டத்தில் ஏற்கெனவே இருந்த இரண்டு பிரிவுகளையே, நாங்கள் 'கணக்கு' என்று சொல்பவற்றையே, குழுக்களாக எடுத்தேன். மேக்கணக்குக்கு உடனே பயிற்சி. நாங்கள் குடியிருந்த கீழ்க்கணக்குக்கு எட்டு வாரம் கழித்து. குலுக்கல் இல்லாததால் இதை அரைப் பரிசோதனை என்பார்கள்.

அப்பா போனதிலிருந்து அம்மாவுக்குச் சரியான தூக்கம் கிடையாது.

"மேக்கணக்குக்காரிகளுக்கு என்னமோ சொல்லித் தர்றியாமே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எட்டு வாரம் பொறும்மா. இப்ப சொன்னா என் ஆய்வு கெட்டுப்போகும்."

"ஒன் படிப்பு கெட வேணாம்" என்றாள். பிறகு அதைப்பற்றிக் கேட்கவே இல்லை.

தொடக்கத்தில் செய்ததுபோலவே எட்டாம் வாரமும் இரண்டு பிரிவுகளிடமும் கேள்வித்தாளை நிரப்பி வாங்கினேன். மேக்கணக்கு கொஞ்சம் தேறியிருந்தது. பயிற்சியே பெறாத கீழ்க்கணக்கோ அமோகமாகத் தேறியிருந்தது. மழை விட்டதாலா? கோயில் திருவிழா வந்ததாலா? மேக்கணக்கில் கட்டிக்கொடுத்த மகள்மார் வந்து சொல்லிவிட்டார்களா? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகவே உடைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டியபோது அம்மாவின் தாள் கைக்கு வந்தது. எல்லாக் கேள்விக்கும் 'நன்றாகத் தூங்குகிறேன்' என்பதற்கு நேரே சரி போட்டிருந்தாள். அடுத்த கட்டிலில் படுப்பவள் நான். எட்டு வாரமும் அவள் புரண்டது எனக்குத் தெரியும்.

"என்னம்மா இது?"

அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். "நாங்க எல்லாரும் பேசித்தான் போட்டோம். தூக்கம் இல்லன்னு எழுதி, நம்ம கீழ்க்கணக்குப் புள்ளய நாங்களே பெயிலாக்குவோமா?"

சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் வெட்கமாகப் போய்விட்டது. ஒப்பீட்டுக் குழுவான கீழ்க்கணக்கின் பதில்களை நம்ப முடியாது என்று ஆய்வில் எழுதினேன். அதற்காகப் புள்ளி குறைந்தால் குறையட்டும்.

அன்று மாலையே அம்மாவை உட்காரவைத்து அந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.