மாமன் கையெழுத்து இல்லாத கடன்

போன வாரம் இங்கே டொராண்டோவில் வாடகைக்கு வீடு கேட்டுப் போயிருந்தேன். "உங்களுக்கு கோசைனர் யாராவது உண்டா?" என்று கேட்டாள் அலுவலகப் பெண். ஜாமீனைத்தான் கேட்கிறாள். யாருமில்லை என்றேன். கம்ப்யூட்டரில் என் சம்பளத்தையும் கடன் கட்டிய கணக்கையும் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தேவையே இல்லை, கங்க்ராஜுலேஷன்ஸ்!" என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. ஜாமீனுக்கு ஆளில்லை என்றால் எங்கள் சங்ககிரியில் உச்சுக்கொட்டுவார்கள்; இங்கே வாழ்த்துகிறார்கள். நானும் ஒரு தேங்க்யூ சொல்லிவைத்தேன், வேறென்ன செய்ய.

எங்கள் ஊரில் லாரிக்குக் கடன் கேட்டாலும் வீட்டுக்குக் கடன் கேட்டாலும் முதல் கேள்வி, "ஜாமீன் ஆருங்க?" வட்டிப் பேச்செல்லாம் அப்புறம்தான். அப்பா இன்னொருவர் லாரியை ஓட்டுகிறவர். அடமானம் வைக்கச் சொத்தில்லை. கனடாவில் எனக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததும் வங்கியில் ஜாமீன் கேட்டார்கள். சேந்தமங்கலத்தில் சொந்த லாரி வைத்திருந்த தாய்மாமனிடம் போனோம். வயிறாரச் சோறு போட்டுவிட்டு, "அமாவாசைக்கு அம்மன்கிட்டப் பூக் கேட்டுட்டுச் சொல்றேன் சாமி" என்றார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம்.

மாமா அமாவாசைக்குக் காத்திருந்தார், கல்லூரி காத்திருக்கவில்லை. ஜாமீனே கேட்காமல், படிப்பையும் மார்க்கையும் மட்டும் பார்த்துக் கடன் தரும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இருந்தது. விண்ணப்பித்தேன், கிடைத்துவிட்டது. வட்டி கொஞ்சம் கூடத்தான். ஆனால் நான் கட்டத் தவறினால் மாமாவின் லாரிக்கு ஆபத்தில்லை. அவருக்கு உபகாரம் செய்ததாகவே நினைத்தேன்.

அமாவாசை மறுநாள், சலவை வேட்டியும் சட்டைப்பையில் பேனாவுமாக வந்து இறங்கினார். "வெள்ளப் பூ அம்மிணி! எங்க கையெழுத்துப் போடோணும்?"

"வேண்டாங்க மாமா. ஜாமீன் இல்லாமயே கெடச்சிருச்சுங்க."

அவர் காப்பியைத் தொடவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க மச்சான், புள்ளைக்கு அவசரம்" என்று அப்பா கெஞ்சினார். மாமா என்னைப் பார்த்தே பேசினார். "அம்மனே குடுன்னுட்டா, நீ வேண்டாங்கறே. என்ற கையெழுத்து இருந்தா எனக்காகவாச்சும் ஊருக்குத் திரும்பி வருவே சாமி. இப்ப உன்னைய இழுத்துப் புடிக்க ஒரு கயிறுமில்லையே." எனக்குக் கோபம்தான் வந்தது. கயிறு கட்ட நான் என்ன மாடா? என்னை வழியனுப்ப அவர் வரவில்லை. அது இன்றுவரை வலிக்கிறது.

இங்கே வந்த பிறகு நானே பொங்கலுக்குப் பொங்கல் கூப்பிட்டுப் பேசிப் பேசி அவரைச் சரிக்கட்டினேன். "எப்ப சாமி வாரே?" என்பார். "கடன் முடியட்டுங்க மாமா" என்பேன். அதற்குமேல் வற்புறுத்த மாட்டார், கடனுக்கு மரியாதை தெரிந்த மனுஷன். படிப்பு முடிந்து, வேலையும் கிடைத்து, இந்த ஊர்க் குளிரும் பழகிவிட்டது. பதில் மட்டும் மாறவில்லை.

நேற்று கடைசித் தவணையைக் கட்டினேன். அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல் முதலில் மாமாவைத்தான் கூப்பிட்டேன். "மாமா, கடன் அடைஞ்சிருச்சுங்க!"

அத்தையைக் கூப்பிட்டு அவர் கத்தியது போனில் கேட்டது. "கேட்டியா, புள்ளைய இனி அங்க புடிச்சு வெக்க ஆருமில்ல! ஊட்டுக்கு வந்துரும்!" பிறகு என்னிடம், "சொல்லு சாமி, எந்த மாசம் வாரே?"

கடன் முடியட்டும் என்று இனிச் சொல்ல முடியாது.

"சாப்டீங்களா மாமா?" என்று கேட்டேன்.