விளக்குமாறும் கோப்பையும்

தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டிய மாமா, யாரோ ஒரு ஜப்பான்காரப் பெண் சீட்டில் விட்டுப்போன படக்கதைப் புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. உலகத்து எழுத்தெல்லாம் எனக்குத் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வந்ததில்லை.

புத்தகம் முழுக்கப் பெண்பிள்ளைகள். கம்பிவலைக் கூண்டுக்குள் குத்துகிறார்கள், உதைக்கிறார்கள், கழுத்தை மடக்கிப்பிடித்துத் தரையில் புரளுகிறார்கள். பள்ளிக் கபடி அணியில் இருந்த என் தங்கை பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள். ராமநாதபுரத்தில் மாவட்டப் போட்டி. அவள் போவதற்கு அய்யா சம்மதக் கடிதத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். அவரோ ஒரு வாரமாக, "பாப்போம், பாப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"படிண்ணே" என்றாள். மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த அம்மாவும் அய்யாவும் காது கொடுத்தார்கள்.

அட்டைப்படம் பின்பக்கம் இருந்தது. அச்சடித்தவன் தவறு என்று நினைத்துக்கொண்டேன். படங்களைப் பார்த்துப் பார்த்து அளந்துவிட்டேன். முதல் பக்கத்திலேயே நாயகி கோப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அப்புறம் வரிசையாகச் சண்டை. கடைசிப் பக்கத்தில் சண்டைக்கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"கப்பு வாங்குனவ ஏண்ணே கடைசியில கூட்டிப் பெருக்குறா?"

தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "கல்யாணம் ஆயிருச்சு" என்றேன்.

"பாத்தியா" என்றாள் அம்மா. "சப்பான்லயே மல்லுக்கட்டுனாலும் கடைசியில வெளக்கமாறுதான். இதுக்கு ராம்நாடு வரைக்கும் வேற போகணுமாக்கும்."

அய்யா தலையாட்டினார். கடிதம் காலண்டருக்குப் பின்னால் போய்விட்டது.

தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் புத்தகத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இங்கன பாரு. மூக்குல பிளாஸ்திரி ஒட்டியிருக்கா. அடுத்த பக்கத்துலதான் மூக்குல குத்தே வாங்குறா. குத்துறதுக்கு முன்னாடியே மருந்து போடுற ஊராண்ணே அது?"

புத்தகத்தை வாங்கி அந்த இரண்டு பக்கத்தையும் முன்னும் பின்னும் புரட்டினேன்.

"அட்டப்படம் இருக்குற பக்கந்தான் அவுகளுக்கு மொதப் பக்கம். நீ கடைசியில இருந்து படிச்சிருக்க. வெளக்கமாறுதான் மொதல்ல, கப்பு பின்னாடி. அய்யாகிட்ட நீயே சொல்லு."

"சொன்னா என் மானம் போயிரும்."

"சொல்லாட்டி என் மேட்ச் போயிரும்."

அன்று சாயங்காலம் மிளகாய்க் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தேன். "எனக்கு சப்பான் எழுத்து ஒண்ணுகூடத் தெரியாதுய்யா."

"ஏலே, அப்ப அன்னைக்கு அம்புட்டு நேரம் படிச்சது?"

"படத்தப் பாத்துச் சொன்னேன்."

"அத நானே பாத்திருப்பேனே."

வலப்பக்கத்து அட்டையிலிருந்து திருப்பிக் காட்டினேன். பெருக்கினாள், அடிவாங்கினாள், பிளாஸ்திரி ஒட்டினாள், கோப்பையைத் தூக்கினாள். அம்மாவுக்கு ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. "அப்ப அந்தக் கல்யாணம்?"

"நடக்கவே இல்லம்மா."

"மாப்ள வீட்டாளுக புஸ்தகத்தப் பாத்திருப்பாக" என்றார் அய்யா. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, காலண்டருக்குப் பின்னாலிருந்து கடிதத்தை எடுத்தார். பெருவிரலில் மையைத் தடவிக்கொண்டு, வழக்கம்போல என்னிடம்தான் காகிதத்தை நீட்ட வந்தார். பாதியில் நிறுத்தி, தங்கை பக்கம் திருப்பினார்.

"ஏத்தா, இதுல எந்தப் பக்கம் வைக்க?"